கோடு குறைந்த அடிக்கோல்

கோலா கிளாவாங்கிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். வகுப்பில் ஒரு பையனின் அடிக்கோலில் கோடுகள் பாதி தேய்ந்துவிட்டனவாம். "இதில் இன்னும் என்னென்ன அளக்கலாம் ஐயா?" என்று அவன் கேட்டிருக்கிறான். விடை தெரிந்தால் எழுதுங்கள் என்கிறார் ஆசிரியர். பையன் கேட்ட கேள்வியில் கணித மேதைகளே சிக்கிக் கிடந்திருக்கிறார்கள்.

ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோலை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 0 முதல் 6 வரை ஏழு கோடுகள் இருக்கும். அதில் 0, 1, 4, 6 மட்டும் மிஞ்சியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அளக்க 0–1, இரண்டுக்கு 4–6, மூன்றுக்கு 1–4, நான்குக்கு 0–4, ஐந்துக்கு 1–6, ஆறுக்கு முழுக்கோல். எந்த அளவும் விட்டுப்போகவில்லை. எதுவும் இரண்டு முறை வரவுமில்லை.

ஜெலுபு பக்கத்து ரப்பர் நிரையை நினைத்துப் பாருங்கள். சம இடைவெளியில் பதின்மூன்று மரம் நின்றால், பக்கத்து மரத்துக்கான அதே தூரம் பன்னிரண்டு முறை வருகிறது. பால் வெட்டுகிறவருக்கு அது வசதிதான். ஆனால் புதுப்புது தூரங்கள் வேண்டும் என்கிறவருக்கு அந்த நிரையில் பெரும்பாலான மரம் வீண். கடையில் விற்கும் அடிக்கோலும் அப்படிப்பட்ட நிரைதான்.

ஒரே அளவு திரும்ப வரக்கூடாது என்ற நிபந்தனையோடு கோடு போட்ட கோலுக்கு, அமெரிக்கக் கணிதர் சாலமன் கோலொம் (1932–2016) பெயர் நிலைத்துவிட்டது. திரும்ப வந்தாலும் பரவாயில்லை, எல்லா அளவும் கிடைத்தால் போதும் என்றால் அது வேறு வகை. 13 சென்டிமீட்டருக்கு 0, 1, 2, 6, 10, 13 என்று ஆறே கோடு போதும். 1, 4 ஆகிய இரண்டு அளவுகள் மட்டும் இருமுறை வரும்.

எனக்குப் பிடித்த விசித்திரம் இனிதான். எல்லா அளவும் வரவேண்டும், ஒவ்வொன்றும் ஒரே முறை வரவேண்டும் என்றால், நான்கு கோட்டோடு கதை முடிந்தது. ஐந்து கோட்டில் அப்படி ஒரு கோல் உலகில் கிடையாது. இதை நிரூபிக்க ஒரு துண்டுத்தாள் போதும். ஐந்து கோட்டில் பத்து ஜோடி உண்டு. ஆகவே அளவுகள் 1 முதல் 10 வரை. கோலின் நீளம் 10. இடைவெளிகள் நான்கு. நான்கும் வேறுவேறாக இருந்து கூட்டினால் 10 வரவேண்டுமானால் அவை 1, 2, 3, 4 தவிர வேறாக இருக்க முடியாது. இப்போது 1-ஐ 2-க்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து 3. அது ஏற்கெனவே இருக்கிறது. 3-க்குப் பக்கத்தில் வைத்தால் 4; அதுவும் இருக்கிறது. ஆகவே 1 ஓர் ஓரத்தில், 4-ஐ மட்டும் ஒட்டித்தான் நிற்க வேண்டும். மிச்சமுள்ள 2-ம் 3-ம் எந்த வரிசையில் நின்றாலும் ஒன்றையொன்று ஒட்டித்தான் நிற்கும். அவற்றின் கூட்டல் 5. மறுபக்கம் 1-ம் 4-ம் சேர்ந்தாலும் 5. மாட்டிக்கொண்டோம்! ஐந்துக்கு மேற்பட்ட கோடுகளுக்கும் இதே கதிதான்.

சரி, சில அளவு விட்டுப்போகட்டும், ஆனால் எதுவும் திரும்ப வரக்கூடாது; அப்படியானால் கோல் எவ்வளவு குட்டையாக இருக்கலாம் என்று கேட்டார்கள். ஐந்து கோட்டுக்கு 11. ஆறுக்கு 17. ஏழுக்கு 25. இதற்குச் சூத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. 24 கோட்டுக்கு 425 நீளக் கோலை 1967-இலேயே கண்டுபிடித்தார்கள். அதைவிடக் குட்டையானது இல்லை என்று உறுதிசெய்தது 2004-இல்தான். அதுவும் எப்படி? உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை இரவல் கொடுத்து. 28 கோட்டுக்கு 585 என்பது 2022-இல் உறுதியானது. அதற்கு மட்டும் எட்டு ஆண்டுக்கு மேல் ஓடியது.

இதில் நம்மவர் பங்கும் உண்டு. கல்கத்தாவில் இருந்த ராஜ்சந்திர போஸ், 1942-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு தேற்றம் வெளியிட்டார். ஒரு பகா எண்ணையோ அதன் அடுக்கையோ கொடுத்தால், வித்தியாசங்கள் மோதாத அத்தனை எண்களை அது தந்துவிடும். போஸ் அடிக்கோலை நினைத்து எழுதவில்லை, வடிவியல் எழுதினார். கோடு அதிகமுள்ள கோல்களைத் தேடுகிறவர்கள் இன்றும் அங்கிருந்து தொடங்குவதுண்டு. 1911-இல் இராமானுஜனின் முதல் கட்டுரை வந்ததும் அதே இதழில்தான்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: புனே அருகே கோடாட்டிலும் சுற்றிலும் 30 ரேடியோ தொலைநோக்கித் தட்டுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலம். அங்கே ஒரு தட்டு மட்டும் போதாது, இரண்டு தட்டுகளின் இடைத்தூரமே வானத்தை அளக்கிறது. 30 தட்டில் 435 ஜோடி. தட்டுகளை ரப்பர் நிரைபோல் நட்டால் ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்க வேண்டியதுதான். சம இடைவெளியைத் தவிர்த்ததால்தான் படம் துலங்குகிறது.

நம் தமிழ்ப் பள்ளிகளில் கணிதம் பயிற்சிப் புத்தகமாகச் சுருங்கிவிட்டது என்பது என் நெடுநாள் வருத்தம். விடைப்பட்டியல் இல்லாத கேள்விக்குப் பாடவேளையில் இடமில்லை. தேய்ந்த அடிக்கோலைப் பார்த்துக் கேள்வி கேட்ட பையனுக்குப் புதுக்கோல் வாங்கிக்கொடுத்து வாயை அடைத்துவிடாதீர்கள், ஆசிரியரே.

அவனுக்கு இதைக் கொடுங்கள்: 9 சென்டிமீட்டர் அட்டைத் துண்டு, இரு முனைகளையும் சேர்த்து ஐந்தே கோடு, 1 முதல் 9 வரை எல்லாம் அளக்க வேண்டும், ஓர் அளவு மட்டும் இருமுறை வரலாம். விடை ஒன்றுக்கு மேல் உண்டு. 0, 1, 2 என்று தொடங்குவது ஒன்று. 0, 1, 4 என்று தொடங்குவது இன்னொன்று.