மதிப்பு ஒருங்குமா, விரியுமா?

ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குக் கிணறே ஆறு. சுண்ணக்கல்லினுள் இறங்கிய மழைநீர், கடலின் உவர்நீர்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டென்பது நீரியலார் கணக்கு. அளவுமீறி இறைத்தால் அதே கணக்கின்படி உவர் மேலேறும். ஆகவே, இன்றைய இறைப்பு நன்றா தீதா என்பதை நாளைய நீரே சொல்லும்.

இத்தகைய முடிவுகளைப் பட்டறிவினாற் கற்கும் முறையைக் கணினியியலார் மீளவலியுறுத்தற் கற்றல் என்பர். இறைப்பைத் திட்டமிடும் கணினி ஒன்று உண்டென்று கொள்க. கிணற்றின் ஒவ்வொரு நிலைக்கும், இனி வரக்கூடிய பயன் இவ்வளவென ஒரு மதிப்பை அது இடும். மறுநாள், கிடைத்த பயனோடு புதிய நிலையின் மதிப்பையும் சற்றுக் கழித்துக் கூட்டி, பழைய மதிப்பைத் திருத்தும். ஓர் ஊகத்தை மற்றோர் ஊகத்தைக் கொண்டு திருத்துவது துணிகரமான வேலைதான். ஆயினும், நிலைகள் சிலவாய், ஒவ்வொன்றும் தனித்தனியே ஏட்டிற் பதிந்து, மீண்டும் மீண்டும் வந்து, திருத்தத்தின் அளவும் 1, 1/2, 1/3 எனக் குறைந்துவரின் மதிப்புகள் ஒருங்கும்.

நீர்மட்டம், உவர், மாதம், வெங்காயமா புகையிலையா என்பனவெல்லாம் சேர்ந்தால் நிலைகளுக்கு எண்ணிக்கை ஏது? எனவே, சில எடைகளைக் கொண்டு எல்லா மதிப்பையும் அண்ணளவாகக் கணிக்கின்றனர். இடர் இங்கேதான். ஒன்றைத் திருத்த, மற்றொன்றும் அசையும்.

முதல் நிலையின் மதிப்பு ஓர் எடை. அடுத்து வரும் நிலையின் மதிப்பு அதன் இருமடங்கு. பயன் எதுவும் இல்லை. எனவே உண்மை மதிப்பு இரண்டுக்கும் 0. எடை 1 ஆயின் அடுத்த நிலை 2. நூற்றுக்குப் பத்துக் கழித்தால் 1.8. கணினி எடையை 1.8 நோக்கி உயர்த்தும். எடை உயர, இலக்கும் எட்டப் போகும். இரண்டாம் நிலையிலிருந்தும் கற்றிருந்தால் அந்த 0 எடையைக் கீழே இழுத்திருக்கும்.

ஒரு கமக்காரரின் இறைப்புக் குறிப்பைக்கொண்டு வேறொருவரின் முறையை மதிப்பிடும்போது இவ்வாறு நேரலாம். எல்லையின்றி விரியும் உதாரணம் ஒன்றை 1995இல் லீமன் பெயர்ட் காட்டினார். மதிப்பிடும் முறையையே பின்பற்றி, நிலைகள் இயல்பாய் வரும் விகிதத்திற் கற்றால், நேரியற் சார்புகள் ஒருங்கும் என்று 1997இல் சிற்சிக்லிசும் வான் ரோயும் நிறுவினர். பிறர் குறிப்பிலிருந்து கற்றாலும் ஒருங்கும் நேரியல் வழிகளைச் சட்டன் முதலியோர் 2009இல் வெளியிட்டனர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் சலப் பட்நாகரும் அவர்களுள் ஒருவர். நேரியல்பற்ற நரம்பு வலைகளுக்கு இந்நிறுவல்கள் செல்லா. அத்தகைய சார்பு விரிந்தோடும் உதாரணம் ஒன்று 1997ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இருக்கின்றது.