பிட்காயின் மைனிங்: வீட்டில் செய்தால் கட்டுபடியாகுமா?

ராயகிரி போன்ற ஊரில் ஓர் அறையை ஒதுக்கி மெஷினைப் போட்டால் மாதாமாதம் பிட்காயின் விழும் என்று நம்பிக் கடன் வாங்கப் போகிறவர்கள், அந்த மெஷின் என்ன வேலை பார்க்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படி இயங்குகிறது?

ஒரு ரசப் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். புளி, மிளகு, சீரகம் எல்லாம் அளந்து வைத்தாயிற்று; அவைதான் சற்றுமுன் நடந்த பணப் பரிமாற்றங்கள். நீங்கள் மாற்றக்கூடியது உப்பு மட்டும். கேட்ட சுவை வரும்வரை உப்பை மாற்றி மாற்றி ரசம் வைக்க வேண்டும். வீட்டு ரசம் கரித்தால் அடுத்தமுறை உப்பைக் குறைப்போம். இங்கே ஒரு கல் உப்பு மாறினாலும் சுவை அடியோடு மாறிவிடும். எஸ்எச்ஏ-256 என்ற கணக்கின் குணம் அது. கைப்பக்குவம் உதவாது, வேகம்தான் உதவும். ஆனால் வந்தது சரியான ரசம்தானா என்று சொல்ல ஒரு வாய் போதும்.

முதலில் பிடித்தவருக்கே பரிசு. 2024 ஏப்ரல் முதல் அது 3.125 பிட்காயின், பரிமாற்றக் கட்டணம் கொஞ்சம் சேரும். மற்றவர்கள் எரித்த விறகு வீண். அதனால்தான் சின்ன அடுப்புக்காரர்கள் ‘பூல்’ என்று கூட்டுச் சேர்ந்து, வைத்த ரசத்துக்கு ஏற்பப் பங்கு பிரிக்கிறார்கள். சமையல்காரர்கள் பெருகினாலும் பரிசு பெருகாது. 2,016 வெற்றிகளுக்கு ஒருமுறை விதி தானாகவே இறுகியோ தளர்ந்தோ பத்து நிமிடத்துக்கு ஒரு வெற்றி என்ற கணக்கைக் காக்கும்.

விறகுச் செலவு

ஆன்ட்மைனர் எஸ்19 புரோ என்ற மெஷின் 3,250 வாட் இழுக்கும். நாளுக்கு 78 யூனிட். இரண்டு மாதத்துக்கு 4,680. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் 1,000 யூனிட்டைத் தாண்டினால் 2024 ஜூலைக் கட்டணப்படி யூனிட் 11.80 ரூபாய். இலவச 100 யூனிட்டைக் கழித்தும் கரண்ட் பில் ஏறக்குறைய 50,000 ரூபாய்.

வரவு? 2025-இல் உலகின் மொத்த வேகம் ஏறக்குறைய இத்தகைய 90 லட்சம் மெஷின்களுக்குச் சமமானது. நாளுக்குக் கிடைக்கும் 450 பிட்காயினை அவற்றுக்குப் பிரித்தால், ஒரு மெஷினுக்கு ஒரு பிட்காயினில் 20,000-இல் ஒரு பங்கு. பிட்காயின் ஒரு கோடி ரூபாய் விற்றாலும் இரண்டு மாதத்துக்கு 30,000 ரூபாய்தான். அதற்கு 30 சதவீத வரி. மைனிங் உள்கட்டமைப்புச் செலவைக் கழிக்க முடியாது என்று மத்திய அரசு 2022 மார்ச்சிலேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. மாடியில் சோலார் போடலாமே என்றால், 78 யூனிட்டுக்குச் சுமார் 20 கிலோவாட் தகடு வேண்டும். அந்த மின்சாரத்துக்கு வேறு நல்ல பயன் உண்டு.

“மெஷினை நாங்கள் ஓட்டுகிறோம், பணம் மட்டும் கொடுங்கள்” என்று யாராவது வந்தால் இன்னும் விழிப்பாக இருங்கள். மாதம் 10 சதவீதம் தருவதாகச் சொல்லி நாடெங்கும் பணம் திரட்டிய ‘கெயின் பிட்காயின்’ கடைசியில் சிபிஐ வழக்காயிற்று.

பக்க வருமானத்துக்கு வீட்டு மைனிங் கட்டுபடியாகாது. அதற்காகக் கடன் வாங்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள்.