ஃபோர் வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்கலையா? பழைய எஸ்யூவியில் முதலில் பார்க்க வேண்டியவை

திருவண்ணாமலையில் இருந்து போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் ஜமுனாமரத்தூர் வரை தார் ரோடுதான். சாதாரண காரே போதும். ஆனால், உள்ளே சில மலைக் கிராமங்களுக்குப் பிரியும் மண் பாதைகள் அப்படியல்ல. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் பாதை முழுக்கச் சேறு. செகண்ட் ஹேண்டில் ஆசையாக வாங்கிய எஸ்யூவியின் உண்மை நிலவரம் அங்கேதான் தெரியவரும். லீவரை 4எச்-ல் போட்டாச்சு, மீட்டரில் விளக்கும் எரிகிறது. ஆனால், பின் சக்கரம் மட்டும் சுற்றிக் குழி தோண்டுகிறது. முன் சக்கரம் சும்மா நிற்கிறது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "டிரான்ஸ்ஃபர் கேஸே போச்சு சார், மாத்திடலாம்" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுபவர்களும் உண்டு. அது இந்த அமைப்பிலேயே விலை கூடிய பாகம். ஆனால், கோளாறு ஒரு ரப்பர் குழாயிலோ ஃபியூஸிலோகூட இருக்கலாம். அதனால், செலவு குறைந்த இடத்தில் இருந்து தேடத் தொடங்குவதே நல்லது.

எப்படி வேலை செய்கிறது?

1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியிலும், 2010-ல் வந்த மஹிந்திரா தாரிலும் இருப்பது ‘பார்ட் டைம்’ ஃபோர் வீல் டிரைவ். சாதாரணமாக, அதாவது 2எச்-ல், பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். 4எச் போட்டால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும். 4எல் என்பது வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை. செங்குத்தான ஏற்றத்துக்கும், பிரேக்கை மட்டுமே நம்ப முடியாத வழுக்கும் இறக்கத்துக்கும் அதுதான் துணை.

இந்த வகை வண்டிகளில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் லேசாகச் சறுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க வழியில்லை; அந்த இறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் பல்சக்கரங்களிலும் ஏறும். அதனால் ‘ஃபோர் வீல் வேலை செய்யுதா பார்ப்போம்’ என்று 14 கி.மீ. கிரிவலப் பாதையில் ஓட்டிப் பார்ப்பது, நல்ல வண்டியையும் கெடுக்கும் வேலை.

மண்ணில் ஒரு சோதனை

ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத சமதளமான மண் தரையில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, 2எச்-ல் மெதுவாகச் சில மீட்டர் ஓட்ட வேண்டும். பிறகு 4எச்-ல் அதையே செய்ய வேண்டும். யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல வண்டி இறுகினால் முன் சக்கரங்களுக்குச் சக்தி போகிறது. ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டால் போகவில்லை என்று சந்தேகிக்கலாம்.

அறிகுறியும் காரணமும்

விளக்கு எரிகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை: முதல் சந்தேகம் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப் பூட்டு மீதுதான். சில வண்டிகளில் இதைக் கையால் திருப்ப வேண்டும். வாங்கியவருக்கு அது தெரியாமலே இருக்கும். சிலவற்றில் வேக்குவம் மூலம் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதற்கான மெல்லிய ரப்பர் குழாய் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தாலோ கழன்றிருந்தாலோ பூட்டு விழாது.

விளக்கு விட்டு விட்டு எரிகிறது: பட்டன் அல்லது திருகு ஸ்விட்ச் உள்ள வண்டிகளில் ஒரு சின்ன மோட்டார்தான் 4எச்-க்கு மாற்றுகிறது. ஃபியூஸ், பேட்டரி, சேற்றுத் தண்ணீர் புகுந்த கனெக்டர் என்ற வரிசையில் பார்த்துவிட்டு மோட்டாருக்குப் போகலாம்.

லீவர் நகரவில்லை: 4எல் போட, பெரும்பாலான வண்டிகளை முழுசாக நிறுத்திவிட்டு கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். ஃபோர் வீலில் இருந்து 2எச்-க்குத் திரும்பாமல் சிக்கிக்கொண்டால், சில மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுத்தால் இறுக்கம் தளர்ந்து விழும். அப்படியும் வராவிட்டால் லீவர் இணைப்பில் துருவோ தேய்ந்த புஷ்ஷோ இருக்கலாம்.

சத்தம் வருகிறது: திருப்பத்தில் ‘கடகட’ என்றால் முன் ஆக்ஸில் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி கிளம்பும்போது ‘டங்’ என்றால் ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். லோடில் மட்டும் ‘டக் டக்’ என்று குதித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் தளர்ந்திருக்கக்கூடும். இந்தக் கட்டத்தில்தான் பெரிய செலவு பற்றிப் பேச வேண்டும்.

ஆயில் காட்டிக்கொடுக்கும்

டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றும் முன் அதன் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்க்கச் சொல்லலாம். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறங்கிய வண்டிகளில் இது சகஜம். காற்றுப்போக்கிக் குழாய் அடைத்திருந்தால், சூடான பாகம் குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. இரும்புச் செதில்கள் இருந்தால் உள்ளே தேய்மானம் கடுமை.

டயரையும் மறக்கக் கூடாது. நான்கும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்றால் நேர் ரோட்டிலும் 4எச் இறுக்கம் காட்டும்.

வாங்கும் முன்பே

ஸ்கார்பியோ, சஃபாரி போன்ற மாடல்கள் டூ வீல், ஃபோர் வீல் என இரண்டு வகையிலும் வந்தவை. பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல் குனிந்து பார்க்க வேண்டும். முன் ஆக்ஸிலுக்கு ஒரு ஷாஃப்ட் போகாவிட்டால் அது ஃபோர் வீல் வண்டியே அல்ல. ஷாஃப்ட் இருந்தால், விற்பவர் எதிரிலேயே மண் தரைச் சோதனையைச் செய்துவிடலாம்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. பல டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் 4எச்-க்கும் 4எல்-க்கும் நடுவே ‘என்’ என்ற நியூட்ரல் இருக்கும். தேய்ந்த லீவர் அதில் நின்றுவிட்டால், கியரில் போட்டு நிறுத்திய வண்டியும் சரிவில் உருளும். இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பும் இருக்காது. மலைப்பாதையில் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்காமல் இறங்கவே கூடாது.

சரிசெய்த பிறகு ஒரு சின்னப் பழக்கம் போதும். மாதம் ஒருமுறை மண் பாதையில் கொஞ்ச தூரம் 4எச் போட்டு ஓட்டினால் உள்ளே ஆயில் பரவும், பூட்டும் லீவரும் துருப்பிடிக்காது. வருஷம் முழுக்கத் தொடாமல் வைத்திருந்து, மழையில் மாட்டிக்கொண்ட அன்று லீவரைத் தேடினால் அது கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.