நெல்லை முதியோரும் கூட்டாஞ்சோறும்

முதுமையில் உணவு குறைவதற்கு வறுமையும் பல்லும் செரிமானமும் காரணமாக இருப்பது போலவே, உடன் உட்கார்ந்து உண்ண ஆள் இல்லாமையும் ஒரு காரணம். மருத்துவர்கள் இதை அதிகம் கேட்பதில்லை. முதியவர்களும் தாமாகச் சொல்வதில்லை. தாமிரபரணிக் கரை ஊர்களில் இந்தக் குறை வெளிப்படையாகவே தெரியும். பாபநாசத்தில் மலையிறங்கி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆற்றின் கரையில் கார், பிசானம் ஆகிய இரு பருவங்களிலும் நெல் விளைகிறது. அரிசிக்கும் வாழைக்கும் கீரைக்கும் பஞ்சமில்லை. ஆனால் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்ட தெருக்களில், வீட்டுக்கு ஒருவர் அல்லது இருவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். இந்திய அளவில் அது 8.6 விழுக்காடு.

ஒற்றை ஆள் சமையல்

ஒருவருக்காக மட்டும் அம்மியோ மிக்ஸியோ ஓடாது. காலையில் காபியும் இரண்டு பிஸ்கட்டும், பத்து மணிக்குக் கடை இட்லி இரண்டு, மத்தியானம் ரசஞ்சோறும் பொரித்த அப்பளமும், ராத்திரி ஒரு தம்ளர் பாலும் பன்னும். இப்படி ஓடும் நாளில் வயிறு நிறைந்தது போலத்தான் இருக்கும். புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் முப்பது கிராமுக்குள் நின்றுவிடும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் முதியோருக்கு வேண்டும் என்பது முதுமை மருத்துவ வல்லுநர்கள் பலரின் பரிந்துரை. 55 கிலோ எடையுள்ளவருக்கு அது 55 கிராம். பாதியளவு மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்தால் தசை கரையும். குத்துக்காலிட்டு எழுவதும், படியேறுவதும், குளியலறையில் வழுக்கினால் சமாளித்து நிற்பதும் தசையின் வேலை. எனவே ‘சாப்பாடு கொஞ்சம் குறைஞ்சு போச்சு’ என்பதற்கும் இடுப்பெலும்பு முறிவுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

மனைவியை இழந்த ஆண்களின் நிலை இன்னும் மோசம். நாற்பது ஐம்பது ஆண்டுகள் அடுக்களைப் பக்கம் எட்டிப் பாராதவர்கள், உலை வைக்கக்கூடத் தெரியாமல் கடைச் சாப்பாட்டை நம்புகிறார்கள். பெண்களுக்குச் சமைக்கத் தெரியும். தனக்கு மட்டும் சமைத்துப் பழக்கமில்லை. முக்கூடல் பக்கம் பல்லாண்டுகள் பீடி சுற்றிய பெண்கள் பலருக்கு, அந்தி வரை முறத்தை மடியில் வைத்திருந்து கிடைத்ததைச் சாப்பிட்ட பழக்கம் முதுமையிலும் விடுவதில்லை.

வயதாக ஆக மோப்பமும் சுவையும் மங்குகின்றன. சில மாத்திரைகள் வாயைக் கசக்க வைக்கும். குழம்பு சப்பென்று இருப்பதாகத் தோன்றுவதால் கை உப்பையும் புளியையும் தேடுகிறது. அப்படியும் ருசி வராதபோது தட்டு பாதியில் ஒதுங்குகிறது.

கூடி உண்பதால் என்ன நடக்கிறது

வீட்டை விட்டு வெளியே போக முடியாத அமெரிக்க முதியவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடன் ஆள் இருந்த வேளைகளில் அவர்கள் சராசரியாக 114 கலோரி கூடுதலாக உண்டது தெரிந்தது. ஒரு வேளைக்கு 114 கலோரி என்பது ஏறத்தாழ ஒன்றரை முட்டை. மெலிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு மருந்துக் கடைச் சத்துமாவைவிட இது மலிவு. கூட உண்ணும்போது வேளை நீள்கிறது, பேச்சினூடே இன்னொரு கரண்டி விழுகிறது, ‘ஏன் சாப்பிடலே?’ என்று கேட்க ஒரு வாய் இருக்கிறது.

தனிமை உணவை மட்டும் பாதிப்பதில்லை. உலகச் சுகாதார அமைப்பு 2023-இல் தனிமை குறித்து ஆராய ஓர் ஆணையத்தை அமைத்தது. 2025-இல் வந்த அதன் அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்றும், இதய நோய், பக்கவாதம், நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான ஆபத்தை அது கூட்டுகிறது என்றும் கூறுகிறது.

நெல்லையில் கூடி உண்பதற்கான ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அண்டை வீட்டார் ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் கூட்டாஞ்சோறு இந்த மண்ணின் பழைய வழக்கம். குழந்தைகளின் விளையாட்டாகவும் விடுமுறைநாள் கொண்டாட்டமாகவும் மட்டுமே இன்று அது எஞ்சியிருப்பது ஒரு நட்டம்தான். ஒரே தெருவில் இருக்கும் நான்கு முதியவர்கள் வாரத்தில் இரண்டு நாள் இப்படிக் கூடினால் போதும். தினமும் வேண்டும் என்று தொடங்கும் ஏற்பாடுகள் சீக்கிரமே யாராவது ஒருவர் தலையில் விழுந்து நின்றுபோகும்.

கூட்டாஞ்சோற்றில் என்ன இருக்கிறது

அரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய், கிடைத்தால் மாங்காய், கடைசியில் ஒரு கை முருங்கைக்கீரை. தேங்காய், சீரகம், வத்தல், மஞ்சள், உள்ளி சேர்த்து அரைத்த மசாலாவும் புளிக்கரைசலும் விட்டு எல்லாம் ஒன்றாக வேக வேண்டும். பருப்பு முதலில் முக்கால் வேக்காடு, பிறகு அரிசி, பிறகு கடினமான காய், பிறகு மென்மையான காய் என்ற வரிசை முக்கியம். எல்லாவற்றையும் குக்கரில் ஒரே நேரத்தில் போட்டால் கத்தரிக்காய் கரைந்து காணாமல் போகும். முதியவர்களுக்குச் சமைக்கும்போது அரிசிக்குப் பாதியாவது பருப்பு இருப்பது நல்லது. ஓட்டல் பக்குவத்தில் அது கால்பங்குகூட இருக்காது. நியாயவிலைக் கடையில் கிடைக்கும் துவரம்பருப்பே இதற்குப் போதும்.

வேலையைப் பிரித்துக்கொள்வதிலும் உடல்நலம் இருக்கிறது. முருங்கைக்கீரை உருவுவதும் உள்ளி உரிப்பதும் விரல் மூட்டுகளுக்கு நல்ல பயிற்சி. உட்கார்ந்தபடியே செய்யலாம். கைநடுக்கம் உள்ளவரிடம் அரிவாள்மணையைக் கொடுக்காமல் அரிசி களையச் சொல்லலாம். பார்வை மங்கியவர் அடுப்பருகே நிற்கக் கூடாது. முந்தானையும் தொங்கும் துண்டும் தீப்பிடிப்பது முதியோர் தீக்காயங்களில் அடிக்கடி நடப்பது.

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்

நெல்லைச் சமையலில் முதுமைக்கு மிகப் பொருத்தமானது எது என்று கேட்டால் உளுந்தஞ்சோற்றைத்தான் சொல்ல வேண்டும். நால்வருக்கு 300 கிராம் அரிசி, 150 கிராம் தொலி உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு களைந்து, கொஞ்சம் வெந்தயம், பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், அளவாக உப்பு போட்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் விட்டுக் குழைய வேக வைப்பது. அவ்வளவுதான்; தாளிப்புகூட வேண்டாம். ஒருவர் பங்கில் சுமார் 14 கிராம் புரதம் சேர்கிறது. அதே அளவு அரிசியை ரசஞ்சோறாக உண்டால் ஆறு கிராம் தேறுவது கடினம்.

கூடவே வரும் எள்ளுத் துவையல் வெறும் தொட்டுக்கொள்ளும் பொருளல்ல. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, அது உளுந்தில் மிகுதி. உளுந்தில் மெத்தியோனின் குறைவு, அது அரிசியிலும் எள்ளிலும் உண்டு. மூன்றும் ஒரே இலையில் சேரும்போது ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகிறது. தொலி நீக்காத எள்ளில் சுண்ணாம்புச் சத்தும் கணிசமாக உண்டு. பல் இல்லாதவர்கள் துவையலை நைசாக அரைக்கச் சொல்ல வேண்டும். முழு எள் மெல்லப்படாமல் அப்படியே வெளியேறிவிடும்.

காணம் என்னும் கொள்ளில் அரைத்த துவையலும் சிறுபயற்றுக் கஞ்சியும் இந்த வரிசையில் சேர்பவை. சைவச் சமையலில் எளிதில் கிடைக்காத ஒன்று வைட்டமின் பி12. பாலிலும் தயிரிலும் ஓரளவு கிடைக்கும். வயதானவர்களின் இரைப்பையில் அமிலம் குறைவதால் உணவிலுள்ள பி12 சரியாக உறிஞ்சப்படுவதில்லை. நீரிழிவுக்காக ஆண்டுக்கணக்கில் மெட்பார்மின் எடுப்பவர்களிடம் குறைபாடு இன்னும் கூடுதல். கால் எரிச்சல், மரத்துப்போதல், மறதி என்று இது வெளிப்படும். பழையது சாப்பிட்டால் பி12 கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மேலே சொன்ன புரதக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பருப்பையும் கீரையையும் எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அப்பளமும் உப்பும்

உலகச் சுகாதார அமைப்பு சொல்லும் உப்பு வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள். குழம்பு, பொரியல், மோர், சோறு எல்லாவற்றிலும் சேரும் உப்பின் மொத்தக் கணக்கு இது. கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பேர்பெற்ற ஊர். ஆற்றுத் தண்ணீர்தான் அந்த ருசிக்குக் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ருசிக்கு எது காரணமானாலும், அப்பள மாவில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். ரத்த அழுத்தத்தைக் கூட்டுவதில் இரண்டும் ஒரே பக்கம். வடகம், மோர்மிளகாய், புளிமிளகாய், ஊறுகாய், கருவாடு ஆகியவையும் இதே கணக்கில் சேரும். கூட்டாஞ்சோற்றுக்கு அப்பளம் இல்லாமல் முடியாது என்பவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, அன்றைக்கு ஊறுகாயை விட்டுவிடலாம். சுட்ட அப்பளத்தில் எண்ணெய் குறையுமே தவிர உப்பு குறையாது.

உப்பைக் குறைத்தால் எழும் சப்பென்ற சுவைக்கு இஞ்சி, நல்லமிளகு, கறிவேப்பிலை, எலுமிச்சை, வறுத்த சீரகம் ஆகியவை கைகொடுக்கும். கடைகளில் விற்கும் குறைசோடிய உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகளும் சில இதய மாத்திரைகள் எடுப்பவர்களும் அதைத் தாமாக வாங்கக் கூடாது.

சொதி, அல்வா, கருப்பட்டி

கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் சொதி தேங்காய்ப்பாலில் ஆனது. முதல் பாலில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. இதய நோய் உள்ளவர்களுக்கான சொதியில் முதல் பாலைக் கால்பங்காக்கி, சிறுபருப்பையும் காய்களையும் கூட்டினால் போதும், கெட்டித்தன்மை குறையாது. உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பதில் இஞ்சித் துவையலோடு உண்டால் செரிமானமும் எளிது.

சம்பா கோதுமைப் பால், சீனி, நெய் ஆகிய மூன்றும்தான் திருநெல்வேலி அல்வா. நீரிழிவு உள்ள முதியவருக்கு இதை முழுதாக மறுப்பது வீண் சண்டையில் முடியும். ஒளித்துச் சாப்பிடும் அல்வாவின் அளவு யாருக்கும் தெரியாது. நெல்லிக்காய் அளவுக்கு, சாப்பாட்டின் முடிவில், அந்த வேளையின் சோற்றைக் குறைத்துக்கொண்டு, எப்போதாவது உண்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். கருப்பட்டியை மட்டும் விதிவிலக்காக்கும் பழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியில் சில தாதுக்கள் உண்டு என்பது உண்மை. பெரும்பகுதி சர்க்கரை என்பதும் உண்மை. நாளைக்கு நான்கு முறை கருப்பட்டிக் காபி குடிப்பவரின் ரத்தச் சர்க்கரை அதைச் சீனியாகவே எண்ணிக்கொள்ளும்.

மாத்திரை நேரம்

கூடிச் சமைக்கும் நாளில் பேச்சு நீண்டு இலை போட இரண்டு மணி ஆவது இயல்பு. இன்சுலின் போட்டவர், அல்லது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை விழுங்கியவர் அதுவரை காத்திருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறும் பேச்சு ஆகியவை அறிகுறிகள். நினைவோடு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். பந்தி நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்து, மருந்து எடுப்பவர்களுக்கு முதலில் பரிமாறுவது எளிய தீர்வு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் குறைக்கவும் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பாதி வீண்.

சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு கவளமாக, பேசாமல் விழுங்க வேண்டும். உண்டதும் அரைமணி நேரம் படுக்கக் கூடாது. தாகம் எடுக்காவிட்டாலும் கோடையில் வேளாவேளைக்குத் தண்ணீரோ உப்பு குறைந்த நீர்மோரோ குடிப்பது நல்லது. இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீர் அளவு விதிக்கப்பட்டவர்கள் அந்த அளவிலேயே நிற்க வேண்டும்.

மிச்சமானவை

நால்வருக்கு ஆக்கினால் ஆறு பேருக்கு வருவது நெல்லை அடுக்களையின் சுபாவம். மிஞ்சியதைத் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுபோவதில் தவறில்லை, நேரம்தான் முக்கியம். சமைத்த சோற்றில் பிழைத்திருக்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் அறைவெப்பத்தில் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும், அல்லது குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டாஞ்சோறு வெறும் சோற்றைவிடச் சீக்கிரம் கெடும். காலைக்குப் பழையது வேண்டுமென்றால் சாதம் ஆறியவுடன் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றுவதும், சுத்தமான பாத்திரத்தில் மூடிவைப்பதும் தேவை.

எடை குறைந்தால்

கூடி உண்ணும் நாளில் மாதம் ஒருமுறை எல்லோரும் எடை பார்த்துக் குறித்துக்கொள்வது பயனுள்ள வழக்கம். முயற்சி இல்லாமலே ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், 60 கிலோக்காரர் 57-க்குக் கீழே வந்தால், காரணம் கண்டுபிடிக்கப்பட வேண்டும். கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, சரியாகப் பொருந்தாத பல்செட் என எதுவும் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டுக்கே மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. வீடு தேடி வரும் அதன் பணியாளரிடம் எடை குறைவதையும் சொல்லலாம். தனித்திருக்கும் முதியவர்கள் உதவியும் ஆலோசனையும் பெற 14567 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.