படம் பார்க்கும் அவை

1857ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் ஒரு பயணம் தொடங்கியது. வண்டிகளில் பெரிய மரப்பெட்டி வடிவக் கேமரா, முக்காலி, வேதிப்பொருள்கள், மெழுகு ஊட்டிய காகிதக் கட்டுகள் ஆகியவை ஏற்றப்பட்டிருந்தன. பயணத்தை நடத்தியவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசு தன் ஒளிப்படக் கலைஞராக அவரை அமர்த்தியிருந்தது. திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எனச் சென்ற அவர் கோயில்களையும் அரண்மனைகளையும் படம்பிடித்துக்கொண்டு, 1858இல் சென்னை வந்து சேர்ந்தார். தமிழகத்தின் கட்டடக் கலையை ஒளிப்படத்தில் முறையாகப் பதிவு செய்த தொடக்க முயற்சிகளுள் இது தலையாயது.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த பணி இன்றும் வியப்பூட்டுவது. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு ஒரே படத்தில் அடங்காது. ஆகவே அவர் 21 படங்களாகப் பகுத்து எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்தார். ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒற்றைப் படமாக அது விரிந்தது. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே கேமராவின் உயரமும் தொலைவும் சிறிது மாறினாலும் எழுத்துகளின் வரிசை பிசகிவிடும். காகித நெகட்டிவில் படம் பதிவதற்கு நெடுநேரம் பிடித்த காலத்தில், அதற்குத் தேவைப்பட்ட பொறுமையை எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய பணிக்கு இருவகைத் தீர்ப்புகள் கிடைத்தன. இப்பயணத்திற்கு முன்பே, 1855இல் சென்னையில் நடந்த கண்காட்சியில், பேளூர், ஹளேபீடு கோயில்களின் படங்களை ட்ரைப் பார்வைக்கு வைத்திருந்தார். நடுவர்கள் படங்களை ஆராய்ந்து முதல்தரப் பதக்கம் அளித்தனர். இரண்டாவது தீர்ப்பு ஆளுநர் மாளிகையிலிருந்து வந்தது. 1859இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் ட்ரெவெல்யன், அரசின் நிதி நெருக்கடியைக் காட்டி, இப்பணி ஓர் ஆடம்பரம் என்று கருதி அதனை நிறுத்தினார். கருவூலம் வற்றிக்கிடந்த நேரத்தில் ஓர் ஆட்சியாளர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. ஆனால், படங்களில் எது நன்று, எது குறை, அடுத்து எதனைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பேச்சுக்கே அத்தீர்ப்பில் இடமில்லை. ட்ரைப்பின் ஒளிப்பட வாழ்வு அதனோடு ஏறக்குறைய முடிந்துபோயிற்று. ஆடம்பரம் எனப்பட்ட அப்படங்கள் இன்று உலகின் பெரும் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

அவை கூடுதல்

ட்ரைப் பயணம் புறப்பட்ட அதே 1857இல்தான் சென்னை ஒளிப்படக் கழகமும் தோன்றியது. அதனைத் தொடங்கியவர் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். 1850இல் அவர் நிறுவிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. மருத்துவராகிய அவருக்கு ஓவியத்திலும் கைத்தொழில்களிலும் பெரும் ஈடுபாடு இருந்தது. படம் எடுப்போர் தனித்தனியே இருந்தால் கலை வளராது. எடுத்தவற்றைக் கொண்டுவந்து பிறர் முன் வைக்க ஓர் இடம் வேண்டும் என்ற தேவையே இத்தகைய கழகங்களைப் பிறப்பித்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அதற்கு முன்னரே இவ்வகைக் கழகங்கள் தோன்றியிருந்தன.

படைப்பை அவையின் முன் வைப்பது தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. அதங்கோட்டாசான் குற்றங்களை எடுத்துக்காட்ட, தொல்காப்பியர் அவற்றுக்கு விடையிறுத்தார் என்பது உரையாசிரியர் வழிவந்த செய்தி. கேள்வி கேட்பதற்கென்றே ஒருவர் அவையில் அமர்ந்திருக்கிறார் என்பது இங்குக் கருதத்தக்கது. அவர் படைத்தவரின் பகைவர் அல்லர். அவர் கேட்காமல் அரங்கேற்றம் நிறைவு பெறாது.

ஒளிப்படக் கழகங்களில் இம்முறை வேறு வடிவில் தொடர்கிறது. உறுப்பினர் எடுத்த படங்கள் பெயர் மறைக்கப்பட்டுத் திரையில் காட்டப்படும். நடுவர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வழங்கிக் காரணம் கூறுவார். பெயரை மறைப்பதற்குக் காரணம் உண்டு. மூத்தவர் படம் எனத் தெரிந்தால் குறை சொல்ல நா எழாது. புதியவர் படம் எனத் தெரிந்தால் நிறை கண்ணில் படாது.

மயிலாப்பூர்த் தெருக்களில்

கழக அறைகளுக்கு வெளியேயும் இப்பழக்கம் இன்று பரவியுள்ளது. விடுமுறை நாள் காலைகளில், கேமராவும் கைப்பேசியுமாகப் பத்திருபது பேர் சென்னைத் தெருக்களில் சேர்ந்து நடப்பதைக் காணலாம். புகைப்பட நடை என்று இதனை அழைக்கின்றனர். சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்கள் இதனை ஒரு வழக்கமாகவே ஆக்கியுள்ளன. நடந்து முடித்தபின் படங்களைப் பகிர்ந்து, ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துக் கருத்துரைப்பர். நடையைவிடப் பயன் மிக்கது அந்தப் பேச்சுதான்.

எடுத்துக்காட்டாக, மயிலைக் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் நின்று காலை ஏழு மணிக்கு ஒருவர் எடுத்த படத்தைக் கொள்ளலாம். கோயில் கருநிழலாகவும் வானம் வெளிறியும் தெரிகின்றன. 'படம் நன்றாக இல்லை' என்று ஒருவர் கூறுகிறார். இது கருத்து எனினும், எடுத்தவருக்கு இதனால் பயனில்லை. 'அருமை' என்று மற்றொருவர் கூறுகிறார். அதனாலும் பயனில்லை. மூன்றாமவர், குளம் கோயிலுக்கு மேற்கே இருப்பதை நினைவூட்டுகிறார். காலையில் அக்கரையிலிருந்து கிழக்கு நோக்கினால் கதிரவன் கோயிலுக்குப் பின்னே இருப்பான். கேமரா வானத்தின் ஒளியைக் கணக்கிட்டுக் கோயிலை இருட்டாக்கிவிடும். மாலையில் அதே படியில் நின்றால் ஒளி முதுகுப்புறமிருந்து வந்து கோயிலின் மேல் விழும். காலையில்தான் எடுக்க வேண்டுமெனில், மறுபக்கம் சென்று கிழக்குக் கோபுரத்தை எடுக்கலாம். 1906இல் எழுப்பப்பட்ட, ஏறத்தாழ 120 அடி உயரமுள்ள அக்கோபுரத்தின் சுதைச் சிற்பங்களுக்கு இளங்காலை வெயில் நன்கு உதவும். அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் தோன்றும் என்பதால், சற்றுப் பின்வாங்கிக் கேமராவை நேராகப் பிடிக்க வேண்டும் என்றும் அவர் சேர்த்துக் கூறலாம். இவர் கூறியதில் புகழ்ச்சியும் இல்லை, பழிப்பும் இல்லை. எடுத்தவர் மாலையே திரும்பிச் செல்ல இதுவே போதும்.

ஆக்கமுள்ள திறனாய்வின் இயல்பு இது. படத்தில் காண்பதை முதலில் சொல்லும். அதற்கான காரணத்தை அடுத்துத் தேடும். மாற்றுவழி தெரிந்தால் காட்டும். எடுத்தவர் என்ன சொல்ல விரும்பினார் என்பதைக் கேட்டபின் பேசுவது இன்னும் நன்று. கருநிழல் உருவத்தையே அவர் விரும்பியிருந்தால், மேற்சொன்ன அறிவுரை முழுவதும் வீண்.

இலக்கணம் கற்ற மாணவர்க்கு இங்கு ஒரு வசதி உண்டு. நூலுக்கு ஆகாதவை என நன்னூல் பத்துக் குற்றங்களை வகுக்கிறது. அவற்றுட் சில ஒளிப்படத்திற்கும் அப்படியே பொருந்துகின்றன. தியாகராய நகர் இரங்கநாதன் தெருவைத் தீபாவளிக் காலத்தில் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை மிகைபடக் கூறல் என்னும் குற்றத்துக்கு ஆளாகின்றன: விளம்பரப் பலகைகள், பைகள், தலைகள், மின்கம்பிகள் எல்லாம் நிறைந்திருக்கும்; கண் நிற்க ஓரிடம் இராது. பங்குனிப் பெருவிழாத் தேரை மாடியிலிருந்து எடுக்கும் படங்களோ கூறியது கூறல். ஆண்டுதோறும் அதே உயரம், அதே கோணம். தேரடியில், உருளும் பெருஞ்சக்கரத்தின் முன் முட்டுக்கட்டை இட்டுத் தேரைத் திருப்புவோரின் கைகளை எடுத்தவர் மிகச் சிலரே. (முட்டுக்கட்டை என்னும் சொல்லைத் தடை என்ற பொருளில் மட்டுமே இன்று ஆள்கிறோம். மாட வீதியின் முனையில் தேரைத் திருப்புவதும் அக்கட்டைதான்.)

படத்தின் அமைப்பை மட்டும் தனியே பார்ப்பதற்குப் பழைய உத்தி ஒன்றுண்டு. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரசோன் படங்களைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பாராம். தலைகீழாகப் பார்க்கும்போது முகமும் நிகழ்ச்சியும் மறைந்து, ஒளியும் நிழலும் கோடுகளும் மட்டும் எஞ்சும். எப்பக்கம் பாரம் கூடியுள்ளது என்பது எளிதில் புலப்படும். 1947இல் மேக்னம் என்னும் ஒளிப்படக் கலைஞர் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியவர்களுள் அவர் ஒருவர். 1950இல் இரமண மகரிசி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவரும் அவரே.

தீட்டிய வானம்

நண்பர்களின் கூட்டங்களில் மிகுதியும் பூசல் எழுவது வண்ணத்தைப் பற்றித்தான். பெசன்ட் நகர்க் கடற்கரையில், கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் பின்னே எழும் கதிரவனைப் படமெடுத்து, கணினியில் செம்மையைக் கூட்டிக் காட்டுகிறார் ஒருவர். இப்படி ஒரு விடியல் அங்கு எந்நாளும் நிகழவில்லை என்கிறார் இன்னொருவர். இப்பூசல் கணினியோடு பிறந்ததன்று. ட்ரைப் காலத்து நெகட்டிவ், நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்கும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவே பதியும். அதனைச் சரிசெய்ய ட்ரைப், நெகட்டிவின் மீது தூரிகையால் முகில்களைத் தீட்டினார். அவருடைய படங்களில் தோன்றும் சில முகில்கள் எந்த ஊர் வானிலும் மிதந்தவை அல்ல. ஆயினும் கல்வெட்டின் எழுத்துகளை அவர் தம் விருப்பப்படி திருத்தவில்லை. இந்த வேறுபாடே கூட்டத்தில் எழுப்பத்தக்க கேள்வி: மாற்றியது படத்தின் அழகையா, படம் சான்றாகச் சொல்லும் செய்தியையா? கலைப்படத்தில் முதலாவதற்கு இடமுண்டு. செய்திப்படத்திலும் பயண ஆவணத்திலும் இரண்டாவது மன்னிக்கத்தக்கதன்று.

இதைவிடக் கடினமான கேள்வி, படத்தில் உள்ள மனிதரைப் பற்றியது. வடக்கு மாட வீதியில் பூக்கட்டும் மூதாட்டியின் சுருக்கம் விழுந்த முகம், போட்டிகளில் எளிதில் மதிப்பெண் பெறும். ஒளி நன்று, கூர்மை நன்று, பின்னணி நன்று என்று அவை பாராட்டிவிடக்கூடும். அவரிடம் ஒப்புதல் கேட்கப்பட்டதா என்ற கேள்வி அப்பாராட்டில் எழாமலே போகிறது. சாலையோரத்தில் உறங்குபவரையும், தெருக்குழாயடியில் குளிக்கும் குழந்தையையும் எடுத்த படங்களின்முன் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அவர்கள் அவையில் இல்லை. தம் பக்கத்தைச் சொல்ல இயலாது. ஆகவே அவர்கள் சார்பில் யாரேனும் ஒருவர் கேட்டாக வேண்டும். படத்தை அவரிடமே காட்ட எடுத்தவருக்குத் துணிவு உண்டா என்று கேட்டாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். பறவைகளுக்கும் இது பொருந்தும். அடையாற்று முகத்துவாரத்திலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் கூட்டை நெருங்கி எடுத்தால், தாய்ப்பறவை கூட்டை விட்டகலும். முட்டை வெயிலில் கெடும். கூட்டில் உள்ள பறவைகளின் படங்களைப் பல போட்டிகள் ஏற்பதில்லை.

பயணப் படத்தில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது குறிப்பு எழுதுவதை. இடமும் நாளும் இல்லாத படம் சில ஆண்டுகளில் எடுத்தவருக்கே அயலாகிவிடும். இதில் தமிழர்க்கு வழிகாட்டியாகத் தக்கவர் ஏ. கே. செட்டியார். சப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்ற அவர், காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்திற்காக உலகின் பல நாடுகளில் சிதறிக்கிடந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். ஏறத்தாழ ஐம்பதாயிரம் அடி நீளமுள்ள படச்சுருள்களிலிருந்து தொகுக்கப்பட்ட அப்படம் 1940இல் வெளிவந்தது. எந்தக் காட்சி, எந்த ஊர், எந்த ஆண்டு என்பது தெரியாவிட்டால் அத்தகைய தொகுப்புக்கே வழியில்லை.

2016 முதல் சென்னை ஒளிப்பட ஈராண்டு விழா நடைபெற்று வருகிறது. 2019இல் சேப்பாக்கத்து செனட் மாளிகையின் அரங்கிலேயே படங்கள் வைக்கப்பட்டன. கழக உறுப்பினர் மட்டும் பார்த்த காலம் போய், வழியோடு செல்வோரும் படத்தின்முன் நின்று கருத்துச் சொல்லும் காலம் வந்துள்ளது. அவர்களுக்கு ஒளியளவும் கோணமும் தெரியாமலிருக்கலாம். ஆனால் 'இது எங்கள் தெருவாயிற்றே, அந்த மரத்தை வெட்டிவிட்டார்களே' என்று ஒருவர் கூறினால், எந்த நடுவரும் சொல்ல இயலாத ஒன்று அப்படத்தைப் பற்றிக் கிடைத்துவிடுகிறது.

மாலையில் மீண்டும் தெப்பக்குளத்திற்குச் சென்றவரின் இரண்டாம் படம் அடுத்த கூட்டத்தில் முதற்படத்தின் அருகே வைக்கப்படும். கோயிலின் மீது பொன்னொளி படிந்திருக்கும்; நீரில் அதன் உருவம் நடுங்கும். அவை சிறிது நேரம் பேசாமல் பார்க்கும். பின்பு, இடப்பக்கத்தில் குறுக்கே ஓடும் மின்கம்பியை யாரேனும் ஒருவர் சுட்டிக்காட்டுவார்.