பியட் 1100: பழைய இத்தாலிய மோட்டார் வண்டியைத் தேர்தலும் பேணலும்

பழம்பொருளை விரும்புதல் எளிது. அதனைப் பேணுதல் அரிது. கோயிற் சிற்பத்தையும் ஏட்டுச் சுவடியையும் போலவே இயந்திரமும் தன் காலத்து அறிவையும் கைவன்மையையும் தன்னகத்தே தாங்கி நிற்கின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சிற்பம் நின்ற இடத்திலே நின்று பயன் தரும். இயந்திரமோ இயங்கினாலன்றி உயிர்பெறாது. இயங்குந்தோறும் அது தேயும். இயங்காது கிடப்பின் துருப்பிடித்துக் கெடும். இவ்விரு கேடுகளுக்கும் இடையே அதனைக் காப்பதே பழைய மோட்டார் வண்டியை உடையோரின் கடனாகும்.

இத்தாலிய விளையாட்டு வண்டி என்றவுடன் பெராரி, அல்பா ரோமியோ முதலிய பெயர்களே நினைவுக்கு வரும். அவை செல்வர்க்கே உரியன என்று எண்ணுவதும் இயல்பே. ஆனால், அம்மரபோடு நெருங்கிய உறவுடைய எளிய வண்டி ஒன்று தமிழகத்திலும் இலங்கையிலும் நெடுங்காலம் ஓடியது. அதுவே பியட் 1100 ஆகும்.

இதன் எஞ்சின் மரபு 1937 ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. 1,089 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய அவ்வெஞ்சின் சிறிதாயினும் உறுதியானது. அல்பா ரோமியோ நிறுவனத்தை விட்டு விலகிய என்சோ பெராரி, 1940 இல் மொடேனா நகரில் இரண்டு பந்தய வண்டிகளை அமைத்தார். உடன்படிக்கை ஒன்றினாலே தம் பெயரை அவற்றுக்கு இடும் உரிமை அவருக்கு அப்போது இருக்கவில்லை. ஆதலின் அவை 815 என்றே அழைக்கப்பட்டன. அவற்றின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின், பியட் 1100 வண்டியின் உறுப்புக்கள் பலவற்றைக் கொண்டு உருவானதாகும். போருக்குப் பின்னர்ச் சிசிற்றாலியா நிறுவனமும் இதே எஞ்சினை அடிப்படையாகக் கொண்டது. 1947 ஆம் ஆண்டின் மிலே மிலியா பந்தயத்தில் நுவோலாரி அந்நிறுவனத்தின் வண்டியைச் செலுத்தி இரண்டாம் இடத்தைப் பெற்றார். பினின் பரீனா வடிவமைத்த சிசிற்றாலியா 202, நியூயோர்க்கின் நவீன கலைக் காட்சிச்சாலையில் 1951 இல் கலைப்பொருளாகவே காட்சிக்கு வைக்கப்பட்டது.

இம்மரபு பின்னர் இந்தியாவிலும் வேரூன்றியது. பம்பாயின் பிரிமியர் நிறுவனம் 1954 இல் பியட் 1100 வண்டியை வெளியிடத் தொடங்கியது. 1964 இல் 1100டி என்னும் வகை வந்தது. அதுவே 1974 முதல் பத்மினி என்னும் பெயர் பெற்று, 2000 ஆம் ஆண்டளவு வரை உற்பத்தியாயிற்று. சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும் இவ்வகை வண்டிகள் பங்குகொண்டன. குடும்பத்தை ஏற்றிச்செல்லும் வண்டிக்குள்ளும் விளையாட்டு வண்டியின் இயல்பு உறைந்திருந்தமையை இது காட்டுகின்றது.

இனி, இத்தகைய வண்டியைக் கொள்வோர் முதலிற் காணவேண்டியது யாது? பலரும் எஞ்சினின் ஒலியையும் பூச்சின் பளபளப்பையுமே நோக்குவர். அது தவறு. 1953 இல் வெளிவந்த பியட் 1100 வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தரைத்தகடும் கதவடிப் பெட்டிகளும் உடலும் ஒன்றாய் இணைந்தே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே, அங்கே துரு ஏறின் அழகு மட்டுமன்று, வண்டியின் முதுகெலும்பே கெடும். தேய்ந்த எஞ்சினைக் கடைந்து புதுக்கலாம். கரைந்த உடலை மீட்டல் பெருஞ்செலவும் பெருந்திறனும் வேண்டுவது. உடலைக் கொள்க, எஞ்சினைப் பின்னர் நோக்குக என்பதே இதன் சாரம்.

ஆய்வு முறையும் எளிதே. சிறு காந்தம் ஒன்றைத் துணியிற் சுற்றி, கதவின் அடிப்புறத்திலும் சக்கர வளைவுகளிலும் வைத்துப் பார்க்கலாம். இரும்புத்தகட்டில் அது ஒட்டும்; பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. விரிப்புக்களை நீக்கித் தரைத்தகட்டையும், பின்பெட்டியில் மேலதிகச் சக்கரம் இருக்கும் குழியையும் காணவேண்டும். கதவைத் திறக்கையில் அது கீழே தாழுமாயின் பிணைச்சலோ தூணோ தளர்ந்துள்ளது எனலாம். எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே இயக்குவித்தல் நன்று. நீலப்புகை ஒயில் எரிதலைக் காட்டும். ஒயில் பாற்கோப்பி போல் வெளிறியிருப்பின் அதனோடு நீர் கலந்துள்ளது. எஞ்சின் எண்ணும் உடல் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்பதையும் சரிபார்த்தல் வேண்டும். பொருந்தாத வண்டி பின்னர் வழக்கையே தரும்.

உறுப்புக்கள் நிறைவாக இருத்தலும் கருதற்பாலது. பத்மினி நெடுங்காலம் உற்பத்தியானமையால் அதன் எஞ்சின், பிரேக் உறுப்புக்கள் ஓரளவு தேடிப் பெறத்தக்கன. ஆனால், பழைய இத்தாலிய வகைகளுக்கே உரிய விளக்கு, அலங்காரப் பட்டி, கண்ணாடி முதலியன தொலைந்தால் எளிதிற் கிட்டா. குறைந்த விலைக்கு வாங்கிய குறையுள்ள வண்டி, நிறைவான வண்டியினும் மிகுந்த செலவை வைப்பது இதனாலேயே.

வாங்கிய பின்னரே உண்மையான பணி தொடங்குகின்றது. கல்முனை முதல் திருக்கோவில், வினாயகபுரம், பொத்துவில் வரையுள்ள கரையோரத்தே வாழ்வோர்க்கு இது சிறப்பாகப் பொருந்தும். கடற்காற்றின் உப்பும் வடகீழ்ப் பருவமழையின் ஈரமும் சேர்ந்து, இவ்வூர்களில் கறள் எனப்படும் துருவை விரைவில் வளர்க்கின்றன. வண்டியின் மேற்புறத்தை நாள்தோறும் துடைப்போர் அடிப்புறத்தை மறந்துவிடுகின்றனர். அதனை நன்னீரால் அடிக்கடி கழுவி, முற்றாக உலர்த்தி, துருத்தடுப்பு மெழுகு பூசுதல் வேண்டும். பிளாத்திக்கு உறையால் இறுக மூடுதல் ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். கூரையும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையே ஏற்றது.

ரேடியேற்றருக்கு ஊற்றும் நீரும் கவனத்துக்குரியது. இவ்வெஞ்சினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, தலைப்பாகம் அலுமினியம். உவர்க்கிணற்று நீரை ஊற்றின் இவ்விரு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு மிகும். காய்ச்சி வடித்த நீரோடு அரிப்புத் தடுப்புத் திரவம் சேர்த்தலே தக்கது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுமாதலின், அதனை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று. றப்பர்க் குழாய்களும் டயர்களும் ஓடாமலே முதுமையடைவன. டயரின் பள்ளம் ஆழமாயிருப்பினும் வெடிப்புக் கண்டால் நீக்கவேண்டும். ஓடும் வண்டியின் பிரேக்கும் டயரும் உயிரோடு தொடர்புடையன; அவற்றிற் பழமை பாராட்டலாகாது.

இவற்றோடு, வண்டியைக் கிடக்கவிடாது கிழமைக்கு ஒருமுறையேனும் எஞ்சின் நன்கு சூடாகும்வரை ஓட்டுதலும் பேணலேயாகும். செய்த பணி ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதிவைப்பின், வண்டி கைமாறும்போது அறிவும் உடன் கைமாறும்.

பம்பாயின் வீதிகளில் பல்லாண்டு ஓடிய பத்மினி வாடகை வண்டிகள் 2023 ஒக்டோபருடன் அச்சேவையை விட்டு மறைந்தன. நேற்றுவரை மலிந்திருந்த பொருள் இன்று அருகிப்போதல் உலகியற்கை. அருகிய பின்னர் விலை உயர்கின்றது. பழுதுபார்க்கும் கை குறைகின்றது. காபுரேற்றரைச் செப்பஞ்செய்யவும் தகட்டைத் தட்டி நிமிர்த்தவும் அறிந்த மூத்த தொழிலாளரிடம் இளையோர் இன்றே பயிலுதல் வேண்டும். கையில் உள்ள தொழில் அழியின், கொட்டகையில் உள்ள வண்டி வெறும் இரும்பேயாகும்.