நார் தாங்கும், பிசின் பிடிக்கும்

முதிர்ந்த பனையைக் குறுக்கே அறுத்தால் ஓரத்தில் கருநார்கள் நெருங்கியிருக்கும். நடுவில் மெத்தென்ற சோறு. செஞ்சியை அடுத்த அனந்தபுரம் போன்ற ஊர்களில் கூரை வாரைக்கு வைரம் பாய்ந்த பனையைத் தேடியதன் காரணம் இதுதான். காற்றில் மரம் வளையும்போது இழுவிசையும் அமுக்கவிசையும் மிகுவது வெளிப்பக்கத்தில். நார்களும் அங்கேதான் திரண்டிருக்கின்றன.

அதே விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளும் நாரும் பசையும் சேர்ந்த கூட்டுப்பொருள்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், தமிழகக் கரையில் கட்டுமரங்களின் இடத்தை இவை வேகமாகப் பிடித்தன. மோல்டில் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சைப் பூசி, கண்ணாடிநார் விரிப்பான மேட்டை விரித்து, பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிசினில் நனைத்து, ரோலரால் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, அடுக்கடுக்காக உருவாக்குகிறார்கள்.

எளிதில் நொறுங்கும் கண்ணாடிக்கு இந்த வலிமை எப்படி வந்தது? நூறாண்டுக்கு முன் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் கண்ணாடி இழைகளை இழுத்துச் சோதித்தார். சுமார் 1 மில்லிமீட்டர் தடித்த இழையைவிட, 0.0033 மில்லிமீட்டர் இழை ஏறத்தாழ 20 மடங்கு வலுவாக இருந்தது. பொருளை உடைப்பவை அதிலுள்ள நுண்கீறல்கள். மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை.

ரெசினில் தோன்றும் விரிசல் நாரை எட்டியதும் நேரே ஊடுருவுவதில்லை. நாரும் ரெசினும் ஒட்டிய எல்லை சற்றே பிரிய, விரிசல் நாரின் நெடுக்கில் திரும்புகிறது. அறுந்த நார்கள் ரெசினிலிருந்து உருவி வரும்போது எழும் உராய்வும் ஆற்றலை விழுங்குகிறது. ஒட்டு மிக இறுக்கமாக இருந்தால் விரிசல் நார்களையும் வெட்டிக்கொண்டு ஓடிவிடும். மிகத் தளர்வாக இருந்தால் சுமை நாருக்குப் போய்ச் சேராது.

ஆபத்து அடுக்குகளுக்கு இடையில் இருக்கிறது. அங்கே குறுக்கே ஓடும் நார் இல்லை; பிடித்திருப்பது ரெசின் மட்டுமே. படகு பாறையில் மோதினால் மேலே சிறு தழும்பே தெரியலாம். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். மணலில் இழுத்து இழுத்து ஜெல்கோட் தேய்ந்த இடத்தில் நீர் புகுந்து, நாருக்கும் ரெசினுக்கும் உள்ள ஒட்டைக் கெடுக்கும்.

நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே ரெசினை மட்டும் பூசி மெழுகினால் தழும்பு மறையும், வலிமை திரும்பாது. கெட்ட அடுக்குகளைச் சாய்வாகத் தேய்த்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, புது மேட்டைப் பழைய நார்களின் மேல் படியுமாறு ஒட்ட வேண்டும். சுமையைத் தாங்குவது நார். அதன் தொடர்ச்சி மீண்டால்தான் படகை நம்பிக் கடலுக்குப் போகலாம்.